கவ்ரிலோவின் அரைப் புள்ளி

கவ்ரிலோவும் நானும் பதினோரு வருடமாக ஒரே ஆட்டத்தைத்தான் ஆடி வந்தோம். பேச்சுக்குச் சொல்லவில்லை. முதல் நகர்த்தலில் இருந்து பதினாலாவது நகர்த்தல் வரை ஒரு காய்கூட மாறாது. ஸ்பானிஷ் தொடக்கத்தில் பெர்லின் என்று ஒரு கிளை உண்டு. அதில் குதிரைகள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போனபின் ஓர் இடத்தில் இரண்டு ராணிகளும் முகத்துக்கு முகம் நிற்கும். வெள்ளை ராணி பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து செக் கொடுக்கும். கறுப்பு ராணி குறுக்கே வந்து மறைக்கும். வெள்ளை ராணி பழைய இடத்துக்குத் திரும்பும், கறுப்பும் திரும்பும். இன்னொரு தடவை இதையே செய்தால் ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று டிரா. ஆறு நிமிடம். கைகுலுக்கிவிட்டு ஆற்றங்கரைக்கு மீன் சூப் குடிக்கப் போய்விடுவோம். யாருக்கு வெள்ளை வந்தாலும் இதேதான்.

காரணம், கவ்ரிலோ எனக்குக் கூம். என் கல்யாணத்தில் என் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றவன். என் மகள் நெவெனாவின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவன். தீஸா ஆற்றின் இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். கூம் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கூம்மேல் வழக்குப் போடக் கூடாது. கூமைச் சதுரங்கத்தில் தோற்கடிக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அது எழுதாத சட்டம்.

முன்பெல்லாம் மூன்று நகர்த்தலில் "டிராவா?" "டிரா" என்று எழுந்துவிடுவோம். நடுவர் யெலிஸவேதா டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். முப்பது நகர்த்தலுக்கு முன்னால் யாரும் பேசி டிரா செய்யக் கூடாது என்று விதி கொண்டுவந்தார். ஒரே நிலை மூன்று தடவை வந்தால் மட்டும் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் நாங்கள் இந்தப் பதினாலு நகர்த்தலை மனப்பாடம் செய்தோம்.

கவ்ரிலோ ஆற்றில் கம்பிப் படகு ஓட்டுகிறான். கார், டிராக்டர், மாட்டு வண்டி எல்லாவற்றையும் இக்கரைக்கும் அக்கரைக்கும் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக் கொண்டுபோகிற தட்டையான படகு. நான் கூட்டுறவுச் சங்கத்தில் அறுவடை இயந்திரம் பழுது பார்க்கிறேன். இரண்டு பேரும் சதுரங்கத்தில் முதல் வகை ஆட்டக்காரர்கள். அதற்கு மேலே இருப்பது மாஸ்டர் கேண்டிடேட். அந்தப் பட்டம் வந்தால் ஒரு சான்றிதழ் வரும், கிளப் சுவரில் பேர் ஏறும், அவ்வளவுதான். எனக்கு அதில் ஆசை போய் ரொம்ப நாளாகிறது. கவ்ரிலோ முப்பத்தோரு வருடமாக அதற்காக ஆடுகிறான். இரண்டு தடவை அரைப் புள்ளியில் தவறிப் போனது.

இந்த வருடம் மார்ச்சில் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நடந்த போட்டியில் எட்டுச் சுற்று முடிந்தபோது அவனிடம் ஐந்தரைப் புள்ளி இருந்தது. ஆறு எடுத்தால் பட்டம், டிரா ஆனாலே அந்த அரைப் புள்ளி வந்துவிடும். கடைசிச் சுற்றில் யாரோடு யார் என்ற பட்டியலைச் சனிக்கிழமை சாயங்காலம் கதவில் ஒட்டினார்கள். ராதிவோய், வெள்ளை. கவ்ரிலோ, கறுப்பு. ராதிவோய் நான்தான்.

முடிவெட்டும் மிலுதின்தான் முதலில் சத்தம் போட்டான். அவனும் கிளப் ஆள். ஆட்டத்தைவிட அவன் வாய்க்குப் பலம் அதிகம்.

"வாழ்த்துகள் கவ்ரிலோ! இன்னிக்கே ஆணி அடிச்சு வச்சிரு, சான்றிதழ் மாட்டறதுக்கு. நாளைக்கு ஆறு நிமிஷ வேலை."

"வாயை மூடு மிலுதின்" என்றேன் நான்.

"ஒரு சந்தேகம்தான்யா. சான்றிதழ்ல யார் பேரு போடுவாங்க? பாதி கவ்ரிலோ, பாதி அவன் கூமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கவ்ரிலோவும் சிரித்தான். அவன் காது மட்டும் சிவந்து போயிருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை என் மனைவி வுகிட்சாவும் என்னோடு மண்டபத்துக்கு வந்தாள். கவ்ரிலோவுக்குப் பட்டம் வரப்போகிறது என்று ஒரு பெரிய தட்டு நிறைய கசகசா ரோல் சுட்டு எடுத்து வந்தாள். மற்ற பெண்களோடு பின்பக்கச் சமையலறையில் காப்பி போட உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு டீச்சர் மணி அடித்தார். நாங்கள் வழக்கம்போலத் தடதடவென்று ஆட ஆரம்பித்தோம். ஸ்பானிஷ். பெர்லின். குதிரைகள் போயின. ராணிகள் எதிரெதிரே நின்றன. பதினோராவது நகர்த்தலில் நான் ராணியால் செக் கொடுத்தேன். அவன் ராணியால் மறைப்பான் என்று, ஆட்டத்தைக் குறித்துக்கொள்ளும் என் தாளில் அவனுடைய நகர்த்தலையும் சேர்த்து முன்கூட்டியே எழுதிவிட்டேன். பதினோரு வருடப் பழக்கம்.

அவன் ராணியைத் தொடவில்லை. மந்திரியை எடுத்துக் குறுக்கே வைத்தான்.

கை தவறி வேறு காயைத் தொட்டுவிட்டான் என்றே நினைத்தேன். குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"கூமே, அது மந்திரிடா."

"மந்திரின்னு தெரியும். ஆடு."

"பேச்சு வேண்டாம் அங்க!" டீச்சர் தூரத்திலிருந்தே அதட்டினார்.

பலகையைப் பார்த்தேன். அவனுடைய ஒரு சிப்பாய் காவல் இல்லாமல் நின்றது. என் ராணி நேரே போய் எடுக்கலாம். அதை எடுத்தால் இனிமேல் அந்த மூன்று தடவைக் கதை இல்லை, முழு ஆட்டம் ஆட வேண்டியதுதான். அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பதினோரு வருடம் ஒன்றாகப் போய் வந்த வழியில், ஒரு வார்த்தை சொல்லாமல் பாதியில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. முன்கூட்டி எழுதிய நகர்த்தலை அடித்துவிட்டு அவன் ஆடியதை எழுதினேன். பிறகு சிப்பாயை எடுத்தேன்.

அவன் உடனே யானையை நடு வரிசைக்குக் கொண்டுவந்தான். நான் நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. அடுத்து அவன் தன் ராணியையே என் கடைசி வரிசையில் பலி கொடுத்து, யானையால் என் ராஜாவை அங்கேயே முடித்துவிடப் பார்க்கிறான். விளையாட்டுக்கு ஆடவில்லை இவன்.

சமாளித்தேன். முக்கால் மணி நேரம் சமாளித்தேன். சிப்பாய் என்னிடமே இருந்தது. அவன் யோசிக்கிற நேரத்தில் எழுந்து சமையலறைக்குப் போனேன்.

வுகிட்சா ரோல்களைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, முடிஞ்சுதா? இவ்வளவு நேரம் எங்க போனீங்க ரெண்டு பேரும்?"

"முடியல. அவன் மாத்தி ஆடிட்டான்."

"யாரு, கூமா?"

"அவனேதான். ஒரு வார்த்தை சொல்லல. ஆனா நான் ஒரு சிப்பாய் மேல இருக்கேன். மதியத்துக்குள்ள முடிச்சிருவேன்."

"என்னத்தை முடிச்சிருவே?"

"அவனைத்தான்."

கத்தியைக் கீழே வைத்தாள். "ராதிவோய். அந்த மனுஷன் முப்பத்தோரு வருஷமா அந்தக் காகிதத்துக்குக் காத்திருக்கார். போய் டிரா கேளு."

"முப்பது நகர்த்தல் ஆகல."

"ஆனதும் கேளு."

"மாட்டேன்."

"ஏன்?"

 வாயில் வந்ததைச் சொன்னேன். "ஜெயிக்கணும் போல இருக்கு வுகிட்சா. இத்தனை வருஷத்துல நான் அவனோட ஒரு தடவைகூட நெஜமா ஆடினதில்ல. யார் பெரியவன்னு எனக்கே தெரியாது."

"நம்ம நெவெனாவை ஏந்தின கைடா அது!"

"அந்தக் கைதான் மந்திரியை வச்சுது."

அவள் முகம் அப்படியே இறுகிவிட்டது. நான் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுக்கப் போனேன். தட்டை இழுத்துக்கொண்டாள்.

"தொடாதே. இது கூமுக்காகச் சுட்டது. நீ போய் உன் ஜெயத்தைச் சாப்பிடு."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். முப்பதாவது நகர்த்தல் வந்தது, போனது. மற்ற மேஜைகளில் ஆட்டம் முடிந்தவர்கள் எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். "இப்பக் கேப்பான் பாரு" என்று மிலுதின் யார் காதிலோ சொன்னது எனக்குக் கேட்டது. டீச்சர்கூட மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை. கவ்ரிலோவும் கேட்கவில்லை. அவன் கேட்க மாட்டான் என்று எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு அவன் பட்டம் ஞாபகம் இருந்தது. மறந்துபோய் ஆடினேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தும் ஜெயிக்கவே ஆடினேன்.

காய்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் என்னிடம் ஒரு யானை, மூன்று சிப்பாய். அவனிடம் ஒரு யானை, ஓரத்தில் ஒரே ஒரு சிப்பாய். கொஞ்ச நேரம் முன்னால் அவனிடம் இரண்டு சிப்பாய் இருந்தது, அதில் ஒன்றையும் பிடுங்கிவிட்டேன். அவன் தன் ராஜாவை ஓரமாக, ஓரமாக, தன் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். களைத்துவிட்டான், என்ன செய்வதென்று தெரியாமல் தள்ளுகிறான் என்று நினைத்தேன். என் கடிகாரத்தில் மூன்று நிமிடம் பாக்கி. என் f வரிசைச் சிப்பாய் ஐந்தாவது கட்டத்துக்கு வந்துவிட்டது. அதன் பக்கத்தில் என் ராஜாவைக் காவலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். இன்னும் ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் புது ராணி.

கவ்ரிலோ நாலு நிமிடம் யோசித்தான். பெரிய பெரிய கைகள் அவனுக்கு, படகுக் கம்பி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப் போனவை. அந்தக் கையால் யானையை மெதுவாகத் தூக்கி, என் f சிப்பாயை எடுத்துவிட்டு அங்கேயே வைத்தான். செக்.

என் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில், காவல் இல்லாமல், ஒரு முழு யானை!

இரண்டு நொடிகூட ஆகவில்லை. எடுத்துவிட்டேன். கடிகாரத்தைத் தட்டினேன். தட்டின பிறகுதான் மண்டபத்தில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது.

கவ்ரிலோ கையை மடியில் வைத்துக்கொண்டான். "எனக்கு நகர்த்த இடமில்ல, கூமே" என்றான்.

பார்த்தேன். அவன் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் போக ஒரு கட்டமும் இல்லை. ஒரு பக்கம் என் ராஜா அடைத்திருக்கிறது, ஒரு பக்கம் என் சிப்பாய்கள். அவனுடைய ஒரே சிப்பாயின் வழியை அவன் ராஜாவே மறித்து நிற்கிறது. ஸ்டேல்மேட். டிரா. பத்து நகர்த்தலாக அவன் ராஜாவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது இதற்குத்தான்.

ஒரு நிமிடம் அவன் முகம் அப்படி ஒரு வெளிச்சமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்த நிமிடத்தில்தான் மிலுதின் கைதட்டினான்.

"பிரமாதம்! பிரமாதம்! பெர்லின் ஆறு நிமிஷம்தான், இது நாலு மணி நேரம். நாடகம் பெருசா போட்டாதான் நம்புவாங்கன்னு கண்டுபிடிச்சிட்டீங்கய்யா!"

"என்ன நாடகம்?" என்றேன்.

"முதல் வகை ஆட்டக்காரன், ஸ்டேல்மேட் தெரியாம ரெண்டு செகண்டுல யானையை எடுத்தானாம்! என் கடை நாற்காலிக்கே தெரியும்யா அது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. கூம் கூமுக்குக் கொடுத்தான், நல்லதுதானே என்கிற மாதிரி என் தோளைத் தட்டிவிட்டுக்கூடப் போனார்கள். கவ்ரிலோவின் முகத்தில் வெளிச்சம் அப்படியே அணைந்தது.

"கூமே. பாத்தியா?"

"எதை?"

"ஸ்டேல்மேட்டை. எடுக்கறதுக்கு முன்னாடி பாத்தியா?"

"பாத்திருந்தா எடுத்திருப்பேனா?"

"அதைத்தான் கேக்கறேன்."

டீச்சர் எங்கள் தாள்களையும் பட்டத்துக்கான விண்ணப்பத்தையும் கொண்டுவந்தார். கவ்ரிலோ பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தான். கையெழுத்துப் போடவில்லை.

"இது எனக்கு வேண்டாம் டீச்சர்."

"வேண்டாம்னா? ஸ்டேல்மேட்டுப்பா. நீ கையெழுத்துப் போட்டாலும் போடாட்டியும் டிரா டிராதான்."

"ஆட்டம் டிரா. சரி. பட்டம் வேண்டாம்."

டீச்சர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "விண்ணப்பத்துல உன் கையெழுத்து இல்லாம நான் அனுப்ப முடியாது. மூணரைக்கு எனக்கு பஸ். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. இப்பவாவது பேசுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

மண்டபத்தின் ஓரத்தில், தீயணைப்புக் குழாய்களைச் சுருட்டி வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தோம்.

"ஏன்டா மந்திரியை வச்சே?" என்றேன்.

"மிலுதின் நேத்து சொன்னது பொய்யில்ல. படகுல வர்றவன் போறவன் எல்லாம் சொல்றான். உன் கூம் இருக்கான், உனக்கென்னன்னு. அந்தக் காகிதத்தை நான் சுவத்துல மாட்டினா ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சிதான் தெரியும். அதான் ஆடிப் பாத்திரலாம்னு வச்சேன்."

"என்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ 'சரி கூமே, ஆடலாம்'னு தலையாட்டிட்டு வந்து நாசூக்கா தோத்துக் குடுப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? நீ கோவப்படணும்னுதான் சொல்லல."

"கோவம் வந்துதுடா! நல்லா வந்துது!"

"கோவம் வந்தவன் அந்த யானையை எடுப்பானா?"

"கோவம் வந்தவன்தான் எடுப்பான்! சரி கேளு, நெவெனா மேல சத்தியமா—"

"பிள்ளை மேல சத்தியம் பண்ணாத!" சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காக நீ பொய்ச் சத்தியமும் பண்ணுவே. அதுதான்டா தொல்லை. நீ என்ன சொன்னாலும் எனக்காகச் சொல்றேன்னுதான் தோணும்."

 அவன் சொல்வது சரி. அவனுக்காக நான் பொய்ச் சத்தியம் பண்ணுவேன்தான். இத்தனை வருடத்தில் எப்போது அவன் கேட்டு நான் மறுத்திருக்கிறேன்? நான் முட்டாள்தனமாக ஆடினேன் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. நான் நல்லவன் என்று அவன் வைத்திருக்கிற நம்பிக்கை என் வாயை அடைத்துவிட்டது. மணி மூன்றாகிக்கொண்டிருந்தது. டீச்சர் பையை மூடி, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டார்.

அப்போது வுகிட்சா சமையலறையிலிருந்து தட்டோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. நேரே கவ்ரிலோவிடம் போய் அவன் கையில் தட்டை முழுதாக வைத்தாள்.

"சாப்பிடுங்க கூமே. எல்லாம் உங்களுக்குத்தான்."

"இவனுக்கு?"

"இவனுக்கு ஒண்ணும் கிடையாது. என்னை மன்னிச்சிருங்க கூமே. நான் எவ்வளவோ சொன்னேன். கெஞ்சினேன். கேக்கலையே இந்தப் பாவி."

"என்ன சொன்னே? எதை இவன் கேக்கல?"

"முப்பது ஆனதும் டிரா கேளுன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டான். முப்பத்தோரு வருஷத்துக் கனவைக் கலைச்சிட்டு வந்து கூமுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கான் பாருங்க. எனக்கு உங்க மூஞ்சிய பாக்கவே வெக்கமா இருக்கு."

அவளுக்கு முடிவு தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சமையலறையிலேயே உட்கார்ந்து, நான் ஜெயித்துவிட்டேன் என்று முடிவு கட்டி, அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கப் போனேன். கவ்ரிலோ கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

"நீ பேசாத. வுகிட்சா, இவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லு."

"எதுக்கு கூமே அதெல்லாம்?"

"சொல்லு சொல்லு."

"மதியத்துக்குள்ள முடிச்சிருவேன்னான்."

"எதை?"

"உங்களை."

"என்னையா!" கவ்ரிலோ தட்டைப் பெஞ்சில் வைத்தான். "அப்புறம்?"

"ஜெயிக்கணும் போல இருக்குன்னான். நெவெனாவை ஏந்தின கைன்னேன். அந்தக் கைதான் மந்திரியை வச்சுதுன்னான்."

"அப்படியா சொன்னான்? அந்தக் கைதான் மந்திரியை வச்சுதுன்னா?"

"ஆமா. ஏன் சிரிக்கறீங்க? கூமே, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

கவ்ரிலோ என் பக்கம் திரும்பினான். "நெஜமாடா?"

"நெஜம்."

"அந்தக் காகிதம் போயிரும்னு தெரிஞ்சும்?"

கீழே பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "தெரிஞ்சும்."

அவன் சிரிப்பு கொஞ்சம் நின்றது. ஏதோ ஒன்று அவன் முகத்தில் வந்து போனது. 

"வலிக்குதுடா" என்றான்.

"தெரியும். எனக்கும்தான்."

"கொஞ்சம்தான். பரவால்ல." மூச்சை இழுத்துவிட்டான். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மூன்று முத்தம் கொடுத்தான், ஈஸ்டர் அன்றைக்குக் கொடுக்கிற மாதிரி. "அப்ப நீ பாக்கவே இல்ல!"

"எத்தனை தடவைடா சொல்றது?"

"பத்து நகர்த்தலா கண்ணு முன்னாடி நடந்து போனேன், நீ பாக்கல!"

"பாக்கல."

வுகிட்சா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இங்க யாரு ஜெயிச்சது?"

"யாரும் இல்ல" என்றான் கவ்ரிலோ. "வா, இன்னொரு தடவை சொல்லணும் நீ." அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மிலுதின் முன்னால் நிறுத்தினான். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். வுகிட்சா முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். இந்தத் தடவை டிரா ஆனது தெரிந்துவிட்டதால் அவளுக்குக் குரல் ஏறிவிட்டது, என்னைப் பற்றி இரண்டு மூன்று வார்த்தை புதிதாகவும் சேர்த்துக்கொண்டாள். வுகிட்சா பொய் சொல்ல மாட்டாள் என்று ஊருக்கே தெரியும். மிலுதின் தலைக்குச் சாயம் பூசுகிறான் என்று அவன் மனைவியிடமே சொன்னவள் இவள்தான்.

மிலுதின் என் பக்கம் திரும்பினான். "அப்ப நீ நெஜமாவே பாக்கல?"

"பாக்கல."

"ரெண்டு செகண்டுல எடுத்தியே?"

"கை போயிருச்சு."

"ஐயோ ராதிவோய்!" தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ, இதைப் போய் வெளியில சொல்லாதய்யா!"

மண்டபமே சிரித்தது, இந்தத் தடவை என்னைப் பார்த்து. சிரிக்கட்டும் என்று நின்றேன். டீச்சர் வாசலில் நின்றபடி கைக்கடிகாரத்தைக் காட்டினார். கவ்ரிலோ ஓடிப்போய் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டான். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டான். டீச்சர் அதை வாங்கி ஊதி, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார். "முன்னாடியே இப்படி ஆடித் தொலைச்சிருந்தா நான் அந்த விதியே போட்டிருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஆற்றங்கரைக் கடையில் மீன் சூப் வரும்வரை கவ்ரிலோ முழு ஆட்டத்தையும் மேஜையில் திரும்ப ஆடினான். உப்புக் குப்பி அவன் ராஜா, ரொட்டித் துண்டுகள் சிப்பாய்கள், மிளகாய்ப்பொடிக் கிண்ணம் என் யானை. வுகிட்சா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். டிரா ஆயிருச்சுன்னு உன்னை மன்னிக்க முடியாது, நீ கேட்டு ஒண்ணும் அது டிரா ஆகலையே என்றாள். 

"ஒண்ணு கேக்கணும்" என்றான் கவ்ரிலோ. "இருபதாவது நகர்த்தல்ல உனக்கு ஒரு சிப்பாய் மேல. ராணியை ராணியால வெட்டிட்டு நிம்மதியா ஆடியிருக்கலாம். நீ பின்னால போயிட்டே. ஏன்?"

சூப் வந்தது. நான் கரண்டியால் அதைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"பயமா இருந்துது."

"எதுக்குப் பயம்?"

"உன்னைப் பாத்துத்தான். நீ என்ன வச்சிருக்கேன்னு தெரியல."

அவன் கரண்டி பாதி வழியில் நின்றது. பக்கத்து மேஜைக்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுடா" என்றான்.